அரண்மனை ஹோட்டலா, செட்டிநாட்டு வீடா? மதுரையிலிருந்து குடும்பத்தோடு போய்த் தங்க யோசனை வேணும்

#1 தெப்பக்குளத்தான் (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வர்ற தை மாசம் எழுபது முடியுது. திருக்கடையூர்ல பீமரத சாந்தி ஏற்பாடு ஆயிருச்சு. அது முடிஞ்ச கையோட மகன், மகள், பேரப்பிள்ளைக எல்லாரும் ஒரே கூரையடியில ரெண்டு ராத்திரி சேர்ந்து இருக்கணும்னு அப்பாவுக்கு ஆசை. வாய் திறந்து எதையும் கேட்டவர் இல்லை. அதனால இதை நல்லபடியா செஞ்சு தரணும்.

தம்பி உதய்ப்பூர் ஏரி அரண்மனைங்கிறான். மச்சான் ஹைதராபாத் பலக்நுமாங்கிறார். அம்மா மட்டும், "காரைக்குடிப் பக்கம் ஊருக்கு ஊர் அரண்மனை கணக்கா வீடு நிக்குது, அதை விட்டுட்டு எதுக்கு விமானம் ஏறணும்"னு பிடிவாதமா இருக்காங்க.

மொத்தம் பதினாலு பேர். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், மாடிப்படி ஏற முடியாது. கைக்குழந்தை வேற இருக்கு. பழைய மாளிகைகள்ல தங்கிப் பார்த்தவங்க சொல்லுங்க. கொடுக்கிற காசுக்குத் தகுமா?

#2 வடக்குவாசல்

வேலை நிமித்தம் ராஜஸ்தானில் சில வருடம் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி சொல்வது ஜக் நிவாஸ். மகாராணா இரண்டாம் ஜகத் சிங் 1746இல் கட்டி முடித்த கோடை மாளிகை. பிச்சோலா ஏரியின் நடுவில் இருக்கிறது, படகில்தான் போய்ச் சேர வேண்டும். 1963இல் ஹோட்டலானது. வெள்ளைப் பளிங்கு, உள்ளே தாமரைக் குளம், ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். அழகில் குறை சொல்ல இடமே இல்லை.

ஜோத்பூர் உமைத் பவன் வேறு ரகம். 1929இல் அடிக்கல் நாட்டி 1943இல் முடித்தார்கள். பஞ்சத்தில் வாடிய ஜனங்களுக்கு வேலை கொடுக்கவென்று எடுத்த கட்டடம் அது. இன்றைக்கு ஒரு பகுதியில் ராஜ குடும்பம் குடியிருக்கிறது, ஒரு பகுதி ஹோட்டல், ஒரு பகுதி அருங்காட்சியகம். குடும்பம் உள்ளேயே இருப்பதால் அந்த இடத்துக்கு ஓர் உயிர்ப்பு உண்டு. பலக்நுமா ஹோட்டலானது 2010இல். குன்றின் மேல் இருக்கிறது, குதிரை வண்டியில் அழைத்துப் போவார்கள், 101 பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசை ஒன்று உண்டு.

இனி உங்கள் விஷயம். தை மாசம் அங்கே உச்ச சீசன். உதய்ப்பூரில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு அரை லட்சத்துக்குக் கீழே கிடைப்பது அரிது. உங்களுக்கு ஏழு அறையாவது வேண்டும், பெருக்கிப் பாருங்கள். இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும், கைக்குழந்தை இருக்கிறது, அம்மா படகில் ஏறி இறங்க வேண்டும். பணத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. இந்த அரண்மனைகளில் வரவேற்பு முடிந்ததும் ஆளுக்கொரு அறைக்குப் பிரிந்துவிடுவீர்கள். பதினாலு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து ராத்திரி பதினொரு மணி வரை கதை பேச உங்களுக்கென்று ஓர் இடம் இருக்காது. அப்பா கேட்டது அதைத்தானே? அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

#3 கொச்சடைக்காரன்

மதுரைக்குள்ளேயே பார்க்கலாம்னா ரெண்டு இடம் உண்டு. எங்க கொச்சடையில, மதுரா கோட்ஸ் கம்பெனிக்காக இலங்கையோட கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1970கள்ல வடிவமைச்ச கிளப், இப்ப ஹோட்டலா இருக்கு. கல் தூண், ஓட்டுக் கூரை, பெரிய ஆலமரம், தெப்பக்குளம் மாதிரி படி வச்ச நீச்சல்குளம். பசுமலை மேல ஹார்வி மில் காலத்து துரை பங்களா இன்னொண்ணு, அங்கிருந்து கோபுரங்க தெரியும். ரெண்டும் நல்லா இருக்கும். ஆனா ரெண்டுமே யாரும் தலைமுறை தலைமுறையா வாழ்ந்த வீடு இல்லை.

#4 மல்லி_விஜி

நடுவுல ஒரு சந்தேகம். ராஜஸ்தான்ல 1971ல மன்னர் மானியத்தை நிறுத்தினதும் ராஜாக்க எல்லாம் அரண்மனையை ஹோட்டல் ஆக்கிட்டாங்கன்னு படிச்சேன். நம்ம பக்கம் நாயக்கர் மகால், ராமநாதபுரம், சிவகங்கைன்னு இத்தனை இருந்தும் ஏன் ஒண்ணுகூட அப்படி ஆகலை?

#5 பழைய_ஏடு (ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்)

அம்மா விஜி, நல்ல கேள்வி. மானிய ஒழிப்பு ஒரு காரணம்தான், ஆனால் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை 1957லேயே ஹோட்டலாகிவிட்டது. ஜக் நிவாஸ் 1963 என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வருமானம் குறைந்தது, சொத்து வரி வந்தது, நூற்றுக்கணக்கான அறைகளை வெள்ளையடித்து விளக்கேற்றவே முடியாத நிலை. 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மானியத்தையும் எடுத்துவிடவே, தயங்கி நின்றவர்களும் இறங்கினார்கள்.

நம் பக்கத்துக் கதை வேறு. நாயக்கர் ஆட்சி 1736ஆம் ஆண்டோடு முடிந்துபோனது. மகாலைத் திருமலை நாயக்கர் கட்டியது 1636இல். பேரன் சொக்கநாதர் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். இன்று நாம் பார்ப்பது பழைய பரப்பில் கால் பங்குதான். அதையும் 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்ததால்தான் பார்க்கிறோம். பிறகு அங்கே நெடுங்காலம் நீதிமன்றம் நடந்தது. ராணி மங்கம்மாள் அரண்மனையான தமுக்கம் 1959இல் காந்தி அருங்காட்சியகம் ஆனது. ராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்கள், சமஸ்தானங்கள் அல்ல. அவர்களுக்கு மன்னர் மானியமே கிடையாது. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் நிலம் போனது, நிலத்தோடு வரும்படியும் போனது. சுற்றுவட்டாரத்தில் சமஸ்தானம் என்றால் புதுக்கோட்டை ஒன்றுதான். அது 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. அந்த அரண்மனை இப்போது கலெக்டர் அலுவலகம்.

ஆக, இந்தப் பக்கம் அரசர் வீடுகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. தனியார் கையில் தங்கியவை வணிகர் வீடுகள். ஹோட்டலானதும் அவைதான். இன்று ரயில் நிலையம் இருக்கும் இடத்துக்கு எதிரே வழிப்போக்கர் தங்குவதற்கென்றே மங்கம்மாள் சத்திரம் எழுப்பினார். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் மதுரைக்கு மரியாதை.

#6 மேலூர்_வண்டி

தெப்பக்குளத்து அண்ணே, நான் வேன் ஓட்டுறவன். ஒரு விஷயம் யாரும் கவனிக்கலை. நீங்க திருக்கடையூர்ல இருந்து திரும்பி வரணும்ல? தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருமயம் வந்தா, பெரிய செட்டிநாட்டு வீடுக இருக்கிற கானாடுகாத்தான் வழியிலதான் இருக்கு. தனியா ஒரு பயணமே வேண்டாம். ரெண்டு ராத்திரி தங்கிட்டு குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், மேலூர் வழியா மதுரைக்கு ரெண்டு மணி நேரத்துல வீடு வந்துரலாம்.

இடம்னு பார்த்தா காரைக்குடியில 'பங்களா'ங்கிற பேர்லயே ஒண்ணு இருக்கு. ஒரு குடும்பம் விருந்தாளிக்குன்னு வச்சிருந்த பங்களாவை 1990கள் கடைசியில தங்குமிடம் ஆக்கினாங்க. குடும்பமே நடத்துது, இலைச் சாப்பாட்டுக்குன்னே வர்ற கூட்டம் உண்டு. கானாடுகாத்தான்ல விசாலம், மகளுக்காக அப்பா கட்டிக் கொடுத்த வீடு. அது 1930கள் கட்டடம், மத்த வீடு மாதிரி இருக்காது, கோடெல்லாம் நேரா சுத்தமா இருக்கும். கடியாபட்டியில சிதம்பர விலாஸ், திருமயம் கோட்டைக்குப் பக்கம். கொத்தமங்கலத்துல சாரதா விலாஸ், அதை பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ரெண்டு பேர் எடுத்துப் புதுப்பிச்சாங்க. இன்னும் நாலஞ்சு இருக்கு.

அம்மாவுக்கு ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கீழ்த்தளம்னு மட்டும் கேட்டாப் போதாது. முகப்புல ஏறவே ஏழெட்டுப் படி இருக்கும். ஒவ்வொரு நிலையிலயும் உசரமான வாசப்படி, காலைத் தூக்கித்தான் தாண்டணும். பாத்ரூமுக்கு வேற ரெண்டு படி மேல ஏறணும் சில வீட்டுல. போன்ல கேட்டா "எல்லாம் கீழ்தான் சார்"ம்பாங்க. அறையில இருந்து சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் ஒருத்தர் செல்போன்ல படம் பிடிச்சு அனுப்பச் சொல்லுங்க. நான் கூட்டிட்டுப் போன ஒரு பாட்டியம்மா, எந்த வீடுன்னு சொல்ல விரும்பலை, ரெண்டு நாளும் அறையை விட்டு வெளிய வரலை. அவ்வளவு காசு கொடுத்துக் கட்டில்லயே உட்கார்ந்திருந்தாங்க. மனசு கஷ்டமா இருந்துச்சு.

#7 செம்மண்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை.

என் தாத்தா அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர். அப்பாயி மணல் சலித்துச் சுமந்தவர். சுவர் எழும்பும் வரை வீடு முழுக்க அவர்கள் நடந்தார்கள். வீடு குடிபோன பிறகு திண்ணையைத் தாண்டி உள்ளே போக அவர்களுக்கு அனுமதி இல்லை. இன்று அதே வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்கிறார். பளபளக்கும் அந்தச் சுவர் யார் கையால் வந்தது என்று ஒரு வார்த்தை வருவதில்லை.

இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்களுக்குப் பர்மாவில் வட்டித் தொழிலிலிருந்து வந்த பணத்துக்கும் ஒரு கதை உண்டு. 1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்து, அந்த நாட்டு விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு விளைநிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. நான் யாரையும் பழிக்க வரவில்லை. போய்த் தங்குங்கள், ஆனால் இதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு தங்குங்கள் என்கிறேன்.

#8 ஆச்சி_பேத்தி

செம்மண் அண்ணனுக்கு முதலில் பதில். நீங்கள் எழுதியது உண்மை. எங்கள் வீட்டு முகப்பிலும் அந்தக் கோடு இருந்தது. அப்பத்தா காலம் வரை இருந்ததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு அந்த வீட்டின் பெருமையைப் பேச எனக்கு மனம் வராது. வீட்டை யாராவது சுற்றிக் காட்டும் நாள் வந்தால், கொத்தனாரையும் சித்தாளையும் ஆசாரியையும் சேர்த்துச் சொல்லும்படி எழுதித் தருவேன்.

இப்போது நான் இந்த இழைக்கு வந்த காரணம். எங்கள் ஐயா வீடு கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவைச் சுற்றி உள்ள அறைகளில் ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கல்யாணம் ஆனால் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு, தனி அடுப்பு, ஆனால் ஒரே வீடு. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது எங்கள் ஐயா அங்கிருந்த கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தே வந்தவர். 1960களில் அங்கே இருந்ததெல்லாம் தேசியமயமானது. அதற்குப் பிறகு வீட்டில் புதிதாக ஓர் ஆணி அடிக்கவும் யாரிடமும் காசில்லை.

இன்று இருபதுக்கு மேல் பங்கு. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா. ஊரில் யாரும் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குச் சம்பளம், மின்கட்டணம், வீட்டு வரி எல்லாம் பங்குக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுகிறோம். போன மழையில் இரண்டாம் கட்டு ஓடு இறங்கிவிட்டது. ஓட்டை மாற்ற வேண்டும், உத்தரம் இரண்டு செல்லரித்திருக்கிறது. மதிப்பீடு கேட்டதும் பாதிப் பேர் வாட்ஸ்அப் குழுவில் பதிலே போடவில்லை.

தெருவில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த வீட்டைப் பிரித்து விற்றுவிட்டார்கள். தூண் தனியாக, நிலை தனியாக, கண்ணாடி தனியாக, இரும்புக் கிராதி தனியாக. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அப்படி வந்த சாமான்களைப் பார்க்கலாம். ஒரு வீட்டு நிலையில் செதுக்கிய கஜலட்சுமி எந்த ஊர் உணவகத்து வாசலிலோ நிற்கிறாள்.

இந்த நிலையில் ஒரு ஹோட்டல் நிறுவனம் முப்பது வருடக் குத்தகை கேட்கிறது. பழுதுபார்ப்பு அவர்கள் செலவு. பங்காளிகளில் இளையவர்கள் சரி என்கிறார்கள். பெரியவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: படைப்பு எங்கே வைப்பது? வருடத்துக்கு ஒருமுறை முன்னோருக்குப் படைக்க எல்லோரும் கூடும் வீடு அது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்றால் அந்த வளவில்தான் நடக்க வேண்டும். அதை விட்டுக்கொடுத்தால் வீடு நிற்கும், நாங்கள் அதற்கு வெளியே நிற்போம். விட்டுக்கொடுக்காமல் வைத்தால் இன்னும் நாலு மழையில் வீடே இருக்காது. இரவெல்லாம் இதே யோசனை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#9 காரைப்பூச்சு

தங்கச்சி, நான் சுண்ணாம்பு வேலை செய்கிற பொறியாளன். இந்த மாதிரி வீடுகளில்தான் பிழைப்பு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், தங்கப் போகிறவர்களுக்கும் இது பயன்படும்.

இந்த வீட்டுச் சுவர் செங்கல், சுண்ணாம்புக் காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த சாந்து. அதன் மேல் பல பூச்சு. கடைசிப் பூச்சில் சலித்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவார்கள். செம்மண் சொன்ன கைகள் அவைதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லை. உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பழைய சாந்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். அவசரமாக ஹோட்டல் ஆக்கிய வீடுகளில் நான் முதலில் பார்ப்பது தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சுவர் எப்படி இருக்கிறது என்பதைத்தான். அங்கே புதுப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் உள்ளே சிமென்ட் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது குளியலறை. இந்த வீடுகளில் படுக்கும் அறைக்குள் தண்ணீர் புழங்கியதே கிடையாது. கிணற்றடி பின்கட்டில். இப்போது ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை வேண்டும் என்கிறபோது, நூறு வருடத்துச் சுவரை ஒட்டித் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். பொறுப்பாகச் செய்கிறவர்கள் பழைய தரையை வெட்டாமல், அதன் மேல் புதுத் தளம் உயர்த்தி அதற்குள் குழாய் கொண்டுபோவார்கள். மேலூர்த் தம்பி சொன்ன அந்த இரண்டு படி பல இடங்களில் அப்படி வந்ததுதான். அம்மாக்களுக்குச் சிரமம், வீட்டுக்கு நல்லது. கைப்பிடிக் கம்பி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், படியே வேண்டாம் என்று கேட்காதீர்கள்.

ஆத்தங்குடித் தரைக்கு ஆசிட் ஆகாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட் ஊற்றி, பின்னால் மணலும் சிமென்டும் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்துக் காய வைக்கிற கல் அது. சூளையில் சுடுவதில்லை. கால் படப்படப் பளபளப்பு ஏறும். ஹோட்டல் துப்புரவுக்காரர் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தரையிலும் ஊற்றினால் சில மாதத்தில் நிறம் செத்துவிடும். குத்தகையில் இதை எழுத வேண்டும் என்றால் சிரிப்பார்கள். எழுதுங்கள்.

தங்கச்சிக்கு நான் சொல்வது இதுதான். வீட்டைக் கொடுக்கலாம். ஓடு மாற்றி, செல்லரித்த உத்தரத்தை எடுத்து, வருடா வருடம் மழைக்கு முன் கூரையில் ஆள் ஏறிப் பார்க்கிற வீடு பிழைக்கும். பூட்டிய வீட்டில் ஒரே ஓர் ஓடு விலகினால் போதும், யாரும் பார்க்காமல் அடுத்த மழையில் உத்தரம் ஊறும், அதற்கடுத்த மழையில் தளம் இறங்கும். ஆனால் முகப்பு, வளவு, சாமி அறை மூன்றிலும் சுவர் இடிக்கவோ துளையிடவோ கூடாது என்பது குத்தகையின் முதல் ஷரத்தாக இருக்க வேண்டும். ஏசி வெளிப்பெட்டி எங்கே வரும், மின்கம்பி எந்த வழியாகப் போகும் என்று வரைபடத்தில் குறித்து வாங்குங்கள்.

#10 செம்மண்

ஆச்சி பேத்திக்கு நன்றி தங்கச்சி. எழுதித் தருவேன் என்றீர்களே, அது போதும் எனக்கு. காரைப்பூச்சு அண்ணன் சொன்ன மெருகுக் கல் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, தாத்தாவுடையது. யாராவது அந்த வேலையைத் திரும்பக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தால் எங்கள் தெருவில் வருவதற்குப் பையன்கள் இருக்கிறார்கள். ஹோட்டல்கள் துண்டு மடிக்கவும் தட்டு எடுக்கவும் மட்டும் உள்ளூர்ப் பிள்ளைகளை எடுக்கின்றன. சுவர் வேலையும் அவர்களுக்கு வர வேண்டும்.

#11 காரைப்பூச்சு

செம்மண், தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்கள். ஆள் கிடைக்காமல்தான் பாதி வேலை தள்ளிப்போகிறது. இதைச் சும்மா சொல்லவில்லை.

#12 வடக்குவாசல்

ஆச்சி பேத்தி, உமைத் பவனைப் பற்றி மேலே எழுதினேனே, குடும்பம் ஒரு பகுதியில் தங்கிக்கொண்டது என்று. நீங்களும் ஏன் அப்படிக் கேட்கக் கூடாது? முழு வீட்டையும் கொடுக்க வேண்டியதில்லை. வளவில் இரண்டு அறை, சாமி அறை, அதற்குத் தனிச் சாவி. படைப்புக்கும் திருமணத்துக்கும் வருடத்தில் இத்தனை நாள் வீடு உங்களுடையது, அந்த நாள்களில் முன்பதிவு எடுக்கக் கூடாது. தங்க வருகிறவனாகச் சொல்கிறேன்: வீட்டுக்காரர் ஒருவராவது வந்து போகிற வீட்டுக்கும், பெயர்ப்பலகையில் மட்டும் குடும்பப் பெயர் இருக்கிற வீட்டுக்கும் உள்ளே நுழைந்த உடனே வித்தியாசம் தெரியும். முதலாவதில் கும்மாயம் சாப்பிடக் கொடுப்பார்கள், அதை எதற்கு எப்போது செய்வார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டாவதில் எல்லா ஊர் ஹோட்டலிலும் இருக்கிற அதே காலை உணவு.

#13 மல்லி_விஜி

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால ஒரு தகவல். கவுனி அரிசி, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், சீயம் இதெல்லாம் முன்கூட்டியே சொன்னாத்தான் செய்வாங்க. தெப்பக்குளத்து அண்ணா, பதினாலு பேருன்னா போகறதுக்கு முன்னாலயே பட்டியல் கொடுத்துருங்க. அறை வாடகை ஒரு நாளைக்கு 7500 ரூபாயைத் தாண்டினா 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

#14 தெப்பக்குளத்தான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எல்லாத்தையும் அப்பா அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். உதய்ப்பூரை விட்டாச்சு. தம்பியும் ஒத்துக்கிட்டான்.

மேலூர்த் தம்பி சொன்னபடி ரெண்டு இடத்துல படம் பிடிச்சு அனுப்பச் சொன்னேன். ஒரு இடத்துல சாக்குச் சொல்லிட்டே இருந்தாங்க. இன்னொரு இடத்துல மேலாளரே முகப்பு வாசல்ல இருந்து நடந்து, ஒவ்வொரு வாசப்படியிலயும் காலை வச்சுக் காட்டி அனுப்பினார். பக்கவாட்டுல வண்டி வர்ற வழி ஒண்ணு இருக்காம், அதுல படி குறைவு, அம்மாவை அந்த வழியா கூட்டிட்டுப் போகலாம்னு அவரே சொன்னார். வளவுல ராத்திரி பாய் விரிச்சுத் தரச் சொல்லிக் கேட்டேன், தாராளமா உட்காருங்கன்னார். வீட்டுக்கார ஆச்சி அந்த வாரம் ஊருக்கு வர்றாங்களாம். அறை மொத்தமும் நம்ம குடும்பத்துக்கே கேட்டு முன்பணம் கட்டிட்டேன்.

சுத்திக் காட்டுறப்ப வீட்டைக் கட்டினவங்களைப் பத்தியும் சொல்லணும்னு கேட்டேன். அவருக்கு அதிகம் தெரியலை. ஊர்ல வயசான கொத்தனார் ஒருத்தர் இருக்கார், அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன்னு சொல்லியிருக்கார். செம்மண் அண்ணே, உங்களுக்கு எழுதணும்னு தோணுச்சு.

#15 மேல_மாசி_வக்கீல்

ஆச்சி பேத்திக்குச் சட்டப்படி சில விஷயம். பங்கு பிரியாத சொத்து என்பதால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட வேண்டும். சிலர் மட்டும் எழுதிக் கொடுத்தால் மற்றவர் பங்கை அது கட்டுப்படுத்தாது, நாளைக்கு வழக்கு வரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். இறந்துபோன பங்காளி யாருக்காவது மைனர் வாரிசு இருந்தால் முன்பே சொல்லுங்கள். மைனரின் தனிச் சொத்தை ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும், பிரியாத பங்கானால் வேறு மாதிரி பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாத முப்பது வருட ஒப்பந்தத்தை நம்பி சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

முப்பது வருடம் ஒரே மூச்சில் வேண்டாம் என்பது என் கருத்து. பத்துப் பத்தாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் கட்டடத்தின் நிலையைப் பொறியாளர் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் நீட்டிப்பு என்று எழுதுங்கள். படைப்பு நாள், கல்யாண நாள், சாமி அறைச் சாவி மூன்றையும் பேச்சோடு விடாமல் ஆவணத்துக்குள் கொண்டுவாருங்கள். 1950க்கு முன் கட்டிய வீடு என்பதால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பாரம்பரிய ஹோட்டல் வகைப்பாட்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு, அதையும் நிறுவனத்தின் பொறுப்பில் சேருங்கள்.

#16 ஆச்சி_பேத்தி

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. மைனர் வாரிசு இருக்கிறது, சிங்கப்பூர்ச் சித்தப்பா மகன். இந்த விஷயம் இதுவரை எங்கள் பேச்சில் வரவே இல்லை. அடுத்த மாதம் ஊரில் பங்காளிகள் கூடுகிறோம். சாமி அறையும் வளவில் இரண்டு அறையும் எங்களிடம், படைப்புக்கும் திருமணத்துக்கும் நாள் ஒதுக்கீடு, பத்து வருடக் குத்தகை. இந்த மூன்றையும் முதலில் வைக்கப்போகிறேன். நிறுவனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைத் தேடுவோம்.

காரைப்பூச்சு அண்ணா, கூட்டத்துக்கு முன்னால் ஒருமுறை வந்து இரண்டாம் கட்டைப் பார்க்க முடியுமா? என்ன செலவாகும் என்று வெளி ஆள் ஒருவர் சொன்னால்தான் பங்காளிகள் காதில் ஏறும்.

#17 காரைப்பூச்சு

வர்ற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் தங்கச்சி. செம்மண்ணையும் கூட்டி வருகிறேன், ஏற்கெனவே பேசிவிட்டேன். நீள ஏணி ஒன்று ஏற்பாடு செய்து வையுங்கள். நாங்கள் வருகிற வரை இரண்டாம் கட்டுக்குள் யாரையும் போகவிட வேண்டாம், உத்தரம் எந்த நிலையில் இருக்கிறதென்று பார்த்த பிறகு போகலாம்.